மாயாவியும் வழிநூலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், வரிச்சிக்குடியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கடந்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் மேடையில் காரைக்கால் அம்மையாரின் பதிகங்கள் முதல் இன்றைய புதுக்கவிதை வரை பலவும் பேசப்பட்டுள்ளன. அவ்வரிசையில் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். சிவகாசியிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெளிவரும் படக்கதை இதழ்களையும், 'இவை மாறலாமா, மாறக்கூடாதா?' என்று அவற்றின் வாசகர்கள் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கையும் பற்றியே பேச வந்துள்ளேன். படக்கதை இலக்கியமாகுமா என்னும் வினாவுக்குள் நான் புகப்போவதில்லை. அதற்குத் தனிக்கூட்டம் வேண்டும், சண்டையும் வரும். ஒரு நூலின்மீது வாசகர் உரிமை கொண்டாடி, ஆசிரியரிடமே வழக்குரைக்கும் இடம் எதுவாயினும், இலக்கிய மாணவர்க்கு அங்கே பணி உண்டு என்பது என் கருத்து.

செய்தியை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டில் சிவகாசியில் திரு. சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' இதழைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. லூயிஸ் கிராண்டேல் என்னும் ஆய்வுக்கூட உதவியாளன் விபத்தொன்றில் கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். 1962இல் இலண்டனில் 'வேலியண்ட்' என்னும் வார இதழில் தொடங்கிய கதை இது. வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். ஆங்கிலத் தலைப்பு அந்த எஃகுக் கையை மட்டுமே சுட்டியது. தமிழில் பெயரிட்டவர்கள் கையோடு நில்லாது மாயாவி என்னும் சொல்லையும் சேர்த்தார்கள். இராமாயணத்தில் வாலியோடு பொருது குகைக்குள் மறைந்த அசுரனின் பெயர் அது. ஒரே சொல்லால் இலண்டன் ஆய்வுக்கூடத்துப் பையன் நம் பாட்டிமார் கதைகளின் உறவினனாகிவிட்டான். மொழிபெயர்ப்பு வகுப்பில் இத்தலைப்பை நான் எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு.

1984இல் அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த திரு. விஜயன் 'லயன் காமிக்ஸ்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்திலிருந்து 'ராணி காமிக்ஸ்' வந்தது. மாயாவியோடு ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி, மாடஸ்டி, லக்கி லூக், கேப்டன் டைகர், இரவுக்கழுகு என்று பெயர்பெற்ற டெக்ஸ் வில்லர் எனப் பலரும் தமிழ் பேசலாயினர். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோயிற்று. சிவகாசி இதழ்கள் இடையிடையே தளர்ந்தும் எழுந்தும் இன்றுவரை வருகின்றன. ஆண்டுதோறும் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாக் காலத்தில் அவற்றின் வாசகர்கள் கூடுகிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் அவர்களுள் உண்டு.

இனி வழக்குக்கு வருவோம். 'எங்கள் மாயாவியை மாற்றாதீர்கள்' என்பது ஒரு சாராரின் குரல். 'ஐம்பதாண்டுப் பழங்கதையையே எத்தனை முறை மறுபதிப்பிடுவது? புதியன வேண்டும்' என்பது மற்றொரு சாராரின் குரல். இதில் நான் கண்ட வியப்பு ஒன்றுண்டு. மாயாவி தன் மூலத்திலேயே ஓரிடத்தில் நின்றவன் அல்லன். தொடக்கத்தில் கிடைத்த ஆற்றலைத் தீய வழியில் பயன்படுத்தினான். பின்னர் திருந்தி அரசின் மறைமுகப் படையொன்றில் சேர்ந்தான். இடையில் அவனுக்குக் கவச உடை ஒன்றை அணிவித்துப் பார்த்தார்கள். பிறகு கழற்றியும் விட்டார்கள். இவையெல்லாம் பத்தாண்டுக்குள் நடந்தவை. ஸ்பைடரோ 1965இல் குற்றவாளிகளின் மன்னனாகவே பிறந்தவன். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் அக்கதையை எழுதிய காலத்தில், அவன் குற்றவாளிகளை ஒடுக்குபவனாக மாறினான். தமிழ் வாசகர் இவ்விரு முகங்களையும் ஏற்றுக்கொண்டனர். தலைவன் தலைகீழாக மாறியதைப் பொறுத்தவர்கள் தாள் மாறியதைப் பொறுக்கவில்லை! ஆகவே, மாற்றம் கூடாது என்று கூறும்போது அவர்கள் எதைக் காக்க முயல்கிறார்கள் என்பதை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தாள் என்றேன். பத்து ரூபாய் அளவில், மங்கலான தாளில், கறுப்பு வெள்ளையில் வந்துகொண்டிருந்த லயன் காமிக்ஸ் 2012இல் வழவழப்பான தாளுக்கும் முழு வண்ணத்துக்கும் மாறியது. விலை நூறு ரூபாய் ஆயிற்று. பலர் கொண்டாடினர். ஆயினும் அந்தப் பழைய தாளின் மணம் போயிற்றே என்று வருந்தியவர்களும் இருந்தனர். இவ்வருத்தத்தை வெறும் பழமைப் பித்து என்று ஒதுக்குவது எளிது. நான் அவ்வாறு ஒதுக்கமாட்டேன். பிளாஸ்கோவின் மாயாவி கறுப்பு மையை நம்பி வரையப்பட்டவன். பாதி முகம் இருளில் கிடக்கும். அவ்விருளிலிருந்தே கை நீளும். அதன்மீது வண்ணம் பூசினால் அச்சம் குன்றும். இவ்விடத்தில் பழமைவாதிகளின் பக்கமே நான்.

ஆனால் கேப்டன் டைகரின் நிலை வேறு. பெல்ஜியரான சார்லியே எழுதி, பிரெஞ்சுக்காரரான ஜிரோ வரைந்து, 1963இல் 'பிலோத்' இதழில் தொடங்கிய 'புளூபெரி' என்னும் தொடரே தமிழில் கேப்டன் டைகர் ஆயிற்று. பாலைவனத்து மாலை வெயிலை வண்ணத்தால் காட்டிய தொடர் அது. நமக்கு அது முதலில் கறுப்பு வெள்ளையில் வந்தது. மூலத்திலிருந்து விலகியது அந்தக் கறுப்பு வெள்ளைப் பதிப்புத்தான். வண்ணப் பதிப்பு மூலத்துக்குத் திரும்பிய செயல். எனினும் முதலில் கறுப்பு வெள்ளையில் படித்தவருக்கு வண்ணமே புதுமையாகவும், சிலருக்கு அயலாகவும் தோன்றியது. (இடையே ஒரு செய்தி: 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது நம் காரைக்கால். பிரெஞ்சுக் குடியுரிமை உடைய குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. அப்படியிருந்தும் நம் ஊர்ப் பிள்ளைகளிற் பலருக்குப் பிரெஞ்சுப் படக்கதை சிவகாசி வழியாகத் தமிழில்தான் வந்து சேர்ந்தது!)

மறுபதிப்பில் உரையாடலைத் திருத்தும்போதும் இதே நிலைதான். பிழை களைந்து மூலத்தோடு ஒட்டிய புதுவாசகம் அமைத்தாலும், 'பழைய வசனமே வேண்டும்' என்று கேட்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூலம் என்பது இலண்டனிலோ பாரிசிலோ இல்லை; பத்து வயதில் திண்ணையில் அமர்ந்து படித்த அந்தப் படிதான் மூலம். நகைக்க வேண்டா. தமிழர்க்கு இராமகாதையின் மூலம் எது? வால்மீகியின் நூல் என்று விடைத்தாளில் எழுதுகிறோம். ஆனால் சீதையின் கதையில் எது சரி, எது தவறு என்று வழக்காடும்போது கம்பனையன்றோ கையில் எடுக்கிறோம்?

இங்குத் தொல்காப்பிய மரபியல் நமக்கு உதவுகிறது. அது நூலை முதல்நூல், வழிநூல் எனப் பிரித்து, வழிநூலைத் தொகுத்தும், விரித்தும், அவ்விரண்டும் கலந்தும், மொழிபெயர்த்தும் செய்வதாக நான்கு வகைப்படுத்துகிறது. மொழிபெயர்ப்பை நூலாக்க முறைகளுள் ஒன்றாக அன்றே வைத்துவிட்டார்கள். வாசகர்க்குப் பிடித்த ஒன்றை மாற்றுவதே பிழை என்று அவர்கள் எண்ணியிருப்பின் வழிநூலுக்கு இலக்கணமே வகுத்திருக்கமாட்டார்கள். மாற்றம் என்னும் ஒரே சொல்லில் நாம் அடைத்துவிடும் பலவற்றை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள் என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

அவ்வாறு பிரித்துப் பார்த்தால் சில தெளிவாகும். லக்கி லூக்கின் வாயில் எப்போதும் புகைந்த சிகரெட்டை எடுத்துவிட்டு, 1983இல் ஒரு வைக்கோல் துரும்பை வைத்தார் ஓவியர் மோரிஸ். அதற்காக 1988இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் பாராட்டையும் பெற்றார். லக்கி லூக் லக்கி லூக்காகவே இருந்தான். அவன் துப்பாக்கி வேகம் குறையவில்லை. மாடஸ்டியைப் படைத்த பீட்டர் ஓடானலோ 1963இல் தொடங்கிய தொடரை 2001இல் தம் கையாலேயே முடித்தார். வேறொருவர் எழுதித் தொடர்வதை அவர் விரும்பவில்லை. இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் தன்னைப் படைத்தவர்கள் மறைந்த பின்னும் வேறு கைகளால் வளர்ந்துவருகிறான். இம்மூன்றுள் எது சிறந்தது என்று பொதுவிதி கூற என்னால் இயலாது. ஓடானலின் முடிவில் ஒரு கண்ணியம் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

இவ்வழக்கு படக்கதையோடு நிற்பதன்று. கல்லூரி மாணவர்கள் வீடியோ கேம் பற்றி வாதிடுவதைக் கேட்டால் அதே சொற்கள், அதே சினம்! 1986இல் தொடங்கிய 'செல்டா' வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டிய பாதையை 2017இல் கைவிட்டு, விரும்பிய திசையில் செல்லும் பரந்த வெளியாக்கினார்கள். உலகெங்கும் புகழ் பெற்றது. 'எங்கள் பழைய கோட்டைகள் எங்கே?' என்று கேட்டவர்களும் உண்டு. இதைவிட நயமான சான்று 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையின் ஏழாம் ஆட்டம். 1997இல் வந்த அதில் ஏரித் என்னும் பெண் கொல்லப்படுவாள். விளையாடியவர்கள் அவளுக்காக அழுதார்கள். 2020இல் அதைப் புதுக்கி வெளியிட்டபோது, முன்பு இல்லாத ஆவியுருக்களைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். கதை பழைய தடத்திலிருந்து விலகும் போதெல்லாம் அவை பாய்ந்து வந்து தடுக்கும். இறுதியில் கதைமாந்தர் அவ்வாவிகளோடு போரிட வேண்டும். 'மாற்றாதே' என்று முழங்கும் சுவைஞர்களையே ஆவிகளாக்கிக் கதைக்குள் வைத்துவிட்டார்கள் என்று பலர் பொருள் கொண்டனர். நம் உரையாசிரியர்கள் இருந்தால் இதற்குத் தனி அணிப்பெயர் இட்டிருப்பார்கள்.

அந்த ஆவிகள்மீது எனக்கு இரக்கமே தோன்றுகிறது. தாம் நேசித்த ஒன்று கலைந்துவிடுமோ என்று அஞ்சுவோர் இல்லாத கதையை யாரும் ஐம்பதாண்டு நினைவில் வைத்திருப்பதில்லை. படக்கதைகளைப் பைண்டு செய்து, வரிசை எண் இட்டு, கரையானிடமிருந்து காத்தவர்கள் அவர்கள். ஏட்டுச் சுவடியைக் காத்தவர்களைப் போற்றும் நாம் இவர்களை எள்ளுதல் முறையாகாது.

ஆயினும் இவர்களிடம் எனக்கு ஒரு முறையீடு உண்டு. வண்ணமா கறுப்பு வெள்ளையா, மாயாவியா புதியவனா, சோக முடிவுள்ள 'அழுகாச்சிக் காவியம்' வேண்டுமா வேண்டாவா என்றெல்லாம் விரிவாக வாதிட்டவர்கள், நடந்தேறிய மிகப் பெரிய மாற்றத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அக்காலத்தில் இவ்விதழ்களை வாங்கியவர்கள் சிறுவர்கள். பேருந்து நிலையக் கடையில், தின்பண்டக் காசை மிச்சப்படுத்தி வாங்கினார்கள். இன்று வாங்குவோரிற் பெரும்பாலோர் அதே சிறுவர்கள்தாம், நரைத்த தலையோடு! அச்சாகும் படிகள் குறைந்தன. அயல்நாட்டு உரிமைத்தொகையும் தாள் விலையும் ஏறின. ஆதலால் இதழின் விலையும் ஏறியது. பதிப்பாளரைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. பெட்டிக்கடையில் தொங்கிய இதழ் சந்தாதாரர் வீட்டுக்கு அஞ்சலில் செல்லும் இதழாயிற்று. பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு அது எட்டவில்லை. மாயாவி அப்படியே இருக்கிறான். அவனை முதன்முறையாகக் காணும் கண் இல்லாமற் போயிற்று. வீடியோ கேமுக்கு அந்தப் பிள்ளை இருக்கிறது. அதனால் அங்கே நடக்கும் சண்டையில் இரு தலைமுறை உண்டு. நம் படக்கதைச் சண்டையில் இருப்பது பெரும்பாலும் ஒரு தலைமுறைதான்.

ஆகவே இவ்விழாவில் வட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் நூல்களுக்கிடையே ஒரு தட்டினைப் படக்கதைகளுக்கு ஒதுக்குங்கள். இங்கு அமர்ந்திருப்போரில் நான்கைந்து பேர் வீட்டிலாவது பைண்டு செய்த தொகுதிகள் பரணில் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை, மறுபதிப்புகளும் கிடைக்கின்றன. பழையதும் புதியதும், கறுப்பு வெள்ளையும் வண்ணமும் கலந்தே இருக்கட்டும். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வந்து இங்கேயே படித்துப் போகட்டும். எதை எடுக்கிறார்கள், எதைப் பாதியில் வைத்துவிடுகிறார்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து அக்குறிப்பேட்டைக் கொண்டே இவ்வழக்கை மீண்டும் இம்மேடையில் பேசலாம். அவர்கள் படிக்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் நின்று, 'எங்கள் காலத்து மாயாவி' என்று விளக்கம் கூறாதிருப்பின் இன்னும் நன்று.