ஒழுங்குபடுத்தலாம், சுவட்டை அழிக்கலாமா?

தோட்டத்துச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். பல கிராணிமார் பல ஆண்டுகள் எழுதிய புத்தகம். புதிதாக வந்த கிராணி ஒருவர், கையெழுத்து ஒழுங்காக இல்லையென்று முழுவதையும் தாமே படியெடுத்துவிடுகிறார். கணக்கு மாறவில்லை. ஆனால் பின்னொரு நாள் பெயர் விடுபட்டுச் சம்பளம் குறைந்தது தெரிந்தால், பழி யார்மேல் விழும்? எல்லாம் அவர் கையெழுத்தாயிற்றே!

கணினிக்கு எழுதும் கட்டளைகளை நிரல் என்கிறோம். அந்நிரலின் எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று பதிந்து வைப்பது 'கிட்' என்னும் மென்பொருள். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. அதில் 'பிளேம்' என்று கட்டளையிட்டால், ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயர் தெரியும். நிரலின் இடைவெளிகளைத் தானாகச் சீராக்கும் கருவிகளும் உண்டு. வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளை அக்கருவியை ஓட்டினால், ஆயிரம் வரிகளிலும் அவன் பெயரே நிற்கும். உண்மையில் எழுதியவரும், எழுதிய காரணமும் மறைந்துபோகும்.

இதற்கு வழி என்ன? சீராக்கும் வேலையைத் தனியாகப் பதியவேண்டும். வேறு திருத்தம் எதையும் அதோடு கலக்கக் கூடாது. பிறகு அப்பதிவின் அடையாளக் குறியை ஒரு கோப்பில் எழுதி, பிளேம் பார்க்கும்போது அதை ஒதுக்கிவிடச் சொல்லலாம். 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு. பெரும்பாலான வரிகளில் பழைய பெயர்கள் மீண்டும் தெரியும்.

கணினி படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். வேலை சுத்தமாக இருக்கட்டும். முன்னே உழைத்தவர் பெயரும் நிலைக்கட்டும்.