கள்ளாமைக்குக் காலக்கெடு உண்டோ?



நிறுவனத்தின் உள்நிலை அறிந்த இயக்குநர் அதன் பங்குகளை இன்று வாங்கி, நான்கு திங்களில் விற்று இலாபம் ஈட்டினால் யாது நிகழும்? அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுப் பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஆறு மாதத்திற்குள் ஈட்டிய அவ்விலாபம் நிறுவனத்தையே சேரும் என்கிறது. உட்செய்தியைப் பயன்படுத்தினாரா என்று அது வினவுவதில்லை. நம் நாட்டில் செபியின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, குறிக்கப்பட்ட பொறுப்பாளர் வாங்கிய பங்கை ஆறு மாதத்திற்குள் விற்றலாகாது. அறியாது விற்பினும், இலாபம் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கே செல்லும்.

உட்செய்தி கொண்டு வணிகம் செய்தல் எந்நாளும் குற்றமே. ஆயின் உள்ளத்தில் இருந்ததை மெய்ப்பித்தல் அரிது. ஆதலின் சட்டம் நாள்களை எண்ணுகிறது. ஏழாம் மாதத்தில் விற்பவரைக் கேட்க அவர்தம் நெஞ்சமே உண்டு. கள்ளாமை நோன்புக்குக் காலக்கெடு இல்லை.