ஊனம் உடலிலா, வீட்டிலா?

(பொதுக்கூட்டமொன்றில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வீட்டைப் பற்றிய விஷயமாகும். "வீட்டைப் பற்றிப் பேச மேடை எதற்கு? கொத்தனாரிடம் பேசினால் போதாதா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொத்தனாரிடம் பேசவேண்டியதும் உண்டுதான். ஆனால் கொத்தனார் எப்படிக் கட்டவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நம்முடைய புத்தி. அந்தப் புத்தியில் கோணல் இருந்தால் கட்டுகிற வீட்டிலும் கோணல்தான் இருக்கும். ஆகையால் மேடையில் பேசவேண்டியதாகிறது.

கை கால் வழங்காதவர்களையும், கண் தெரியாதவர்களையும் முன்பெல்லாம் நொண்டி, குருடு என்று வாய் கூசாமல் அழைத்தோம். பிறகு ஊனமுற்றோர் என்றோம். 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு சர்க்கார் மாற்றுத் திறனாளிகள் என்று பெயர் வைத்தது. மரியாதையான பெயர்தான், சந்தோஷம். ஆனால் தோழர்களே, பேரை மாற்றினோமே ஒழிய வாசற்படியை மாற்றினோமா? சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருவர் தன் வீட்டுக்குள் தானே போகவும், தானே வெளியே வரவும், தானே கழிப்பறைக்குப் போகவும் வழி செய்தோமா? இதைச் செய்யாமல் எவ்வளவு அழகான பெயரால் கூப்பிட்டாலும் அவர் உள்ளேயிருந்து பதில் சொல்லலாமே தவிர வெளியே வர முடியாது.

இவர்கள் ஏதோ நாலு பேர், ஐந்து பேர் என்று எண்ணிவிடாதீர்கள். 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 69 பேர் கிராமங்களில் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இத்தனை பேருடைய கஷ்டத்தைப் பற்றி நாம் ஏன் இத்தனை காலம் கவலைப்படவில்லை? அதற்குக் காரணம் கல்நெஞ்சம் அல்ல. அதற்குச் சமாதானமாக ஒரு தத்துவத்தை நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் பூர்வ ஜென்ம கர்மம் என்பது.

"போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தானோ, இந்த ஜென்மத்தில் காலை இழுத்துக்கொண்டு திரிகிறான்" என்பது நம் ஊரில் வழக்கமான பேச்சு. சரி, இதைச் சற்று விசாரித்துப் பார்ப்போம். நம் நாட்டில் லட்சக்கணக்கான குழந்தைகளின் காலைச் சூம்பச் செய்தது போலியோ என்கின்ற கிருமி. வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இயற்கையாய்ப் பரவி வந்த போலியோவால் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மேற்கு வங்காளத்தில் ஹௌரா ஜில்லாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலக சுகாதார ஸ்தாபனமும் இதற்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டது. கர்மத்தை நம்புகிற கனவான்களை நான் கேட்கிறேன்: 2011-க்குப் பிறகு போன ஜென்மத்தில் பாவம் செய்தவர்கள் எல்லாரும் தீர்ந்துபோனார்களா? அல்லது இரண்டு சொட்டு மருந்துக்குச் சித்திரகுப்தன் கணக்கையே அழிக்கிற சக்தி உண்டா? மருந்து இல்லாதபோது பாவம், மருந்து வந்தபிறகு பாவம் இல்லை என்றால், அது பாவத்தின் பலனா, மருந்து கொடுக்காததின் பலனா?

நிற்க, கர்மம் என்று சொல்லிவிட்டால் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் வேலை இல்லை, பஞ்சாயத்துக்கும் வேலை இல்லை, சர்க்காருக்கும் வேலை இல்லை. எல்லாம் அவன் தலையெழுத்து என்று போய்விடலாம். பரிதாபப்பட்டு நாலணா போட்டால் நமக்குப் புண்ணியமும் சேர்ந்துவிடும். அவன் கஷ்டமும் அப்படியே இருக்கும், நமக்கு மோட்சமும் கிடைக்கும். இதைவிட லாபகரமான வியாபாரம் வேறு என்ன இருக்கிறது!

நான் சொல்லுவது என்னவென்றால், காலில் உள்ள குறை ஒரு பங்கு. கட்டிடத்தில் உள்ள குறை மூன்று பங்கு. இதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லுகிறேன்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற டாக்டர் அம்மையார் இருந்தார். 1954-ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. கர்மவாதிகள் என்ன சொல்லியிருப்பார்கள்? "மூலையில் உட்கார்ந்து நாமத்தை ஜெபி" என்றிருப்பார்கள். அந்த அம்மையாரோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களுக்கு ரண சிகிச்சை செய்தார். பிறகு அதே ஊரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நிறுவி நடத்தினார். அவருக்குச் சக்கரம் போக வழியும், கைக்கு எட்டும் மேஜையும் இருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர். 14 வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. இரவில் மூச்சுவிடுவதற்கு ஒரு பெரிய இரும்பு யந்திரத்துக்குள் படுக்கவேண்டும். 1962-இல் பெர்க்லி சர்வகலாசாலையில் சேர்ந்தபோது பாடம் படிக்க அவருக்குக் கஷ்டம் இல்லை. குடியிருக்க இடந்தான் கிடைக்கவில்லை. அந்த யந்திரத்தை வைக்கத் தகுந்த விடுதி இல்லையென்று கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் தங்க வைத்தார்கள். அவரும் அவர் தோழர்களும் கூடி, 1972-இல் சுயமாக வாழ்வதற்கான ஒரு நிலையத்தை ஏற்படுத்தினார்கள். "எங்களுக்கு இரக்கம் வேண்டாம், இருக்க வீடு வேண்டும், அது எங்கள் இஷ்டப்படி இருக்கவேண்டும்" என்பதுதான் அவர்கள் கோரிக்கையின் சாரம். இவரால் வேலை எதுவும் செய்ய முடியாது என்று ஒரு காலத்தில் தள்ளிவிட்ட அந்த ராஜ்ஜியத்து மறுவாழ்வு இலாகாவுக்கே 1970-களின் நடுவில் அவர் தலைமை அதிகாரி ஆனார்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நாம் எப்படி வீடு கட்டுகிறோம்? தெருவைவிட ஒன்றரை அடி, இரண்டடி தளத்தை உயர்த்துகிறோம். ஏறுவதற்கு மூன்று படி வைக்கிறோம். ஏன் மூன்று? படிகள் ஒற்றைப்படையில் இருக்கவேண்டுமாம்! அதன்மேல் நிலைவாசற்படிக் கட்டை ஒன்று. அதில் லட்சுமி வாசம் செய்கிறாளாம். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து வெள்ளிக்கிழமை தோறும் பூஜை. பெற்ற தாய் இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அந்தக் கட்டையைத் தாண்ட இரண்டு பேர் தூக்கவேண்டியிருக்கிறது. "கட்டையை எடுத்துவிடுங்கள்" என்றால், "ஐயையோ, லட்சுமி போய்விடுவாளே" என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத லட்சுமி வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காகக் கண்ணுக்கு முன்னால் இருக்கிற தாயைச் சிறை வைப்பது எந்த நியாயம்? வாசற்படி இருக்கிற வீட்டிலெல்லாம் லட்சுமி இருக்கிறாள் என்றால், நம் ஊர்க் குடிசைகளிலும் வாசற்படி இருக்கிறதே, அங்கே ஏன் அடுத்த வேளைக் கஞ்சிக்கு வழியில்லை?

கழிப்பறையைப் பாருங்கள். ஈசானிய மூலையில் வைக்கக்கூடாது, வீட்டோடு சேர்த்து வைக்கக்கூடாது என்று வாஸ்துக்காரன் சொன்னபடி கொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறோம். அதற்கு இரண்டடி அகலக் கதவு. கால் மடக்க முடியாதவர் குந்தி உட்காரும்படியான பீங்கான். இதனால் அனேகர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளுகிறார்கள். அதிலும் பெண்கள் பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டு வியாதியை வரவழைத்துக்கொள்ளுகிறார்கள். ஒரு மனிதர் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவே பயப்படும்படியாக ஒரு வீடு இருக்குமானால் அது வீடா, தண்டனைக் கூடமா?

இதற்குப் பரிகாரம் ஒன்றும் பிரமாதமான வித்தை அல்ல. கணக்குச் சொல்லுகிறேன், கேளுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கு வைத்திருக்கிற அளவு. தளம் அரையடி உயரம் என்றால் ஆறடிச் சாய்தளம் போதும். ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டடி வேண்டும். வெள்ளம் வராத இடத்தில் அனாவசியமாகத் தளத்தை உயர்த்தாதீர்கள். உயர்த்தித்தான் ஆகவேண்டுமென்றால் சுவரை ஒட்டி வளைத்துக் கொண்டுபோங்கள். திரும்புகிற இடத்தில் சமதளமாக விடுங்கள். கதவு மூன்றடி அகலம். நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடிக்கு ஐந்தடி இடம். கழிப்பறையில் உட்காரும் பீங்கான், பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். விளக்கின் விசை உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில். கண் தெரியாதவருக்கு வழியில் சாமான் இறைந்து கிடக்காத நடை. வீடு கட்டுகிறபோதே இவற்றைச் செய்தால் செலவு சொற்பம். கட்டி முடித்தபிறகு இடித்துச் செய்தால்தான் பணம் பாழ்.

"எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையே, எங்களுக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். இன்றைக்கு இல்லை. நாளைக்கு? வயது எழுபது ஆனால் முழங்கால் யாரைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது? பனைமரத்தில் ஏறினவரும், சாரத்தில் நின்றவரும், மோட்டார் சைக்கிளில் போனவரும் மாலையில் எப்படித் திரும்புவார்கள் என்று எந்த ஜோசியன் சொல்ல முடியும்? பிள்ளைத்தாச்சிக்கும், அரிசி மூட்டை சுமந்து வருகிறவருக்கும்கூடச் சாய்தளம் சௌகரியந்தானே! மேலும், உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லாவிட்டாலும் உங்கள் சிநேகிதரில் ஒருவர் இருந்தால் அவர் உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வரவேண்டாமா? இங்கிலாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்குப் படியில்லாத நுழைவும், கீழ்த்தளத்தில் கழிப்பறையும் இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். குடியிருப்பவருக்கு மாத்திரமல்ல, வருகிற விருந்தாளிக்காகவும் செய்யப்பட்ட விதி அது.

தோழர்களே! இதுவரை சொன்னது வசதியுள்ளவன் செய்துகொள்ளக்கூடியது. சொந்த வீடு இல்லாத ஏழைக்கு என்ன வழி? உடல் குறைக்கும் வறுமைக்கும் நெருங்கின சொந்தம் உண்டு. குறை இருப்பதால் வேலை கொடுப்பதில்லை. வேலை இல்லாததால் பணம் இல்லை. பணம் இல்லாததால் மலிவான வீடு. மலிவான வீடு என்றால் மாடியிலோ, சந்திலோ, ஊருக்கு வெளியிலோ. அங்கிருந்து வேலைக்குப் போக முடிவதில்லை. இப்படிச் செக்குமாடு போல் சுற்றவேண்டியிருக்கிறது. வாடகைக்குக் கேட்டுப் போனாலோ, "காலையில் எழுந்தவுடன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்குமே" என்று சகுனம் பார்க்கிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். வாடகைப் பணத்தில் மாத்திரம் அவர்களுக்குச் சகுனத் தடை கிடையாது.

ஆகையால் இது தர்மத்தினால் தீரக்கூடிய காரியமல்ல. சட்டத்தினால் தீரவேண்டிய காரியம். சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, அவர்கள் மற்றவர்களோடு சமூகத்தில் கலந்து வாழ உரிமையுள்ளவர்கள் என்றும், இன்ன இடத்தில்தான் வசிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாதென்றும் சொல்லுகிறது. 37-ஆவது பிரிவு, வீடு கொடுக்கும் திட்டங்களில் நூற்றுக்கு 5, நாற்பது சதவிகிதமும் அதற்கு மேலும் குறையுள்ளவர்களுக்கு ஒதுக்கவேண்டும், அதிலும் பெண்களுக்கு முதலிடம் தரவேண்டும் என்கிறது. 44-ஆவது பிரிவு, விதிப்படி வழி வைக்காத கட்டிடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது. இந்த விதிகளில் பல வெறும் சிபார்சுபோல் இருப்பதைக் கண்ட சுப்ரீம் கோர்ட், 2024-ஆம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, கட்டாயமான தர அளவுகளைத் தனியே வகுக்கவேண்டும் என்று சர்க்காருக்கு உத்தரவிட்டது.

சட்டம் இவ்வளவு சொல்லியும் காரியத்தில் நடப்பதென்ன? மத்திய சர்க்காரின் 2016-ஆம் ஆண்டுக் கிராம வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். 2024-இல் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி. ஏழைக்கு வீடு கிடைப்பது நல்லதுதான். ஆனால் நூற்றில் ஐந்து பேருக்குப் பட்டியலில் இடம் கொடுத்துவிட்டு, கட்டுவது மட்டும் மற்ற 95 பேருக்கும் கட்டுகிற அதே படி, அதே குறுகல் கதவு என்றால் அந்த ஒதுக்கீட்டுக்கு என்ன அர்த்தம்? செருப்பு இலவசம் என்று சொல்லி எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுப்பது போன்றதுதானே அது? பட்டணத்தில் அடுக்குமாடி கட்டுகிறார்கள். கீழ்த்தளத்தில் முன்னுரிமை என்று விதியும் இருக்கிறது. கீழ்த்தள வீடு வேறு யாருக்கோ போய், காலில்லாதவருக்கு எட்டாவது மாடி கிடைத்தால், மின்தூக்கி பழுதான அன்றைக்கு அவர் கதி என்ன? வீட்டைக் கொடுத்ததாகக் கணக்கில் இருக்கும். அவர் வானத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே இங்கு கூடியிருக்கிற தோழர்கள் செய்யவேண்டிய காரியம் இது. கிராமசபை கூடுகிற நாட்களில் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். வீட்டுத் திட்டப் பட்டியலை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மாற்றுத் திறனாளிகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களுடைய வீட்டுக்குச் சாய்தளமும், அகலக் கதவும், உட்காரும் கழிப்பறையும் வரைபடத்திலேயே உண்டா என்று கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: அவர்களுக்காக நாம் பேசுவதைவிட அவர்களையே கூட்டத்துக்கு அழைத்துவந்து பேச வையுங்கள். அவர் வருவதற்குக் கூட்டம் நடக்கும் இடத்தில் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம்முடைய மேடைக்கும் இது பொருந்தும். இந்த மேடைக்கு நான்கு படி வைத்திருக்கிறீர்கள், சாய்தளம் இல்லை. அடுத்த கூட்டத்தில் பலகையாவது போடுங்கள்.

இன்னும் வீடு கட்டப்போகிறவர்கள் வாஸ்துக்காரனுக்குக் கொடுக்கிற தட்சிணையைக் கொத்தனாரிடம் கொடுத்து மூன்றடிக் கதவு வையுங்கள். ஏற்கனவே கட்டினவர்கள் நாளைக் காலையில் உளியை எடுத்து அந்த வாசற்படிக் கட்டையைச் செதுக்குங்கள். லட்சுமி போய்விடுவாள் என்று பயப்படவேண்டாம். உள்ளே அடைபட்டுக் கிடக்கிற மனிதர் வெளியே வருவார். நமக்கு வேண்டியவர் அவர்தான்.

மற்றவர் தூக்கிக்கொண்டு போய்த்தான் வாழவேண்டும் என்ற நிலையில் ஒரு மனிதரை வைத்துவிட்டு அவருடைய சுயமரியாதையைப் பற்றி நாம் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து, தன் இஷ்டப்படி தெருவுக்கு வர முடிகிறபோதுதான் அவருக்கு அது வீடு. நமக்கும் அதுவரை வேலை இருக்கிறது என்று சொல்லி என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகிறேன்.