வாய்திறந்து சொல்லும் திறன்

இதய மருத்துவர்களே, செவிலியர்களே, உளவியல் துறை நண்பர்களே,

வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் சிகிச்சையை முறையாகத் தொடர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது. மாத்திரைப் பெட்டி, கைபேசி நினைவூட்டல் என்று நாமும் ஏதேதோ செய்துவருகிறோம். மறதிக்கு அவை உதவும். வாய்திறந்து சொல்ல முடியாதவருக்கு என்ன செய்தோம்?

இதயம் பலவீனமாகி, நீர் மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். காலையில் போட்டால் சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் வரும். போகும் பேருந்தில் வழியில்லை. பனியன் கம்பெனியில் ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளரிடம் கேட்டுப் போக வேண்டும். வேலைநாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார். கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?" என்கிறோம். "சாப்பிடுறேங்க" என்கிறார். அளவைக் கூட்டி எழுதி அனுப்புகிறோம். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் போடலாமா என்று அவர் கேட்டிருந்தால் நேரத்தை மாற்றித் தந்திருப்போம். பின்னால் வரிசை நெருக்க, ஆண் மருத்துவர் முன் அதைக் கேட்பது எளிதல்ல. அதைக் கூச்சம் என்று ஒதுக்கிவிடுவது நம் குற்றம்.

ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்கப் போகிறார். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். "என் இதய டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்துகிறேன்" என்று சொல்லத் தெரியாவிட்டால், அதிலும் ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில், உள்ளே ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விருந்தில் அப்பளத்தையும் ஊறுகாயையும் மனம் நோகாமல் மறுப்பதற்கும், மகனிடம் மருந்துக்குப் பணம் கேட்பதற்கும் இதே திறன்தான் வேண்டும்.

அமெரிக்காவின் கரோனரி டிரக் பிராஜெக்ட் என்ற மருந்து ஆய்வு 1980-இல் வெளியிட்ட ஒரு கணக்கு என்னை இன்னும் விடவில்லை. மருந்தே இல்லாத போலி மாத்திரையைப் பெற்றவர்களில், 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டில் இறந்தோர் சுமார் 15 விழுக்காடு. ஒழுங்கில்லாதவர்களில் சுமார் 28. மாத்திரையில் ஏதுமில்லை. அப்படியானால் வித்தியாசம் அந்த மனிதர்களிடமும் அவர்கள் வாழ்ந்த விதத்திலும்தான் இருந்திருக்க வேண்டும். பேசுவதற்கும் கேட்பதற்கும் ஆள் இருந்ததும் அதில் சேரும் என்பது என் எண்ணம்.

வாய்திறந்து சொல்லும் இத்திறனைப் பழக்கலாம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் செவிலியர் பல் மருத்துவராகவும் மேற்பார்வையாளராகவும் நடிக்க, நோயாளி பதில் சொல்லிப் பார்க்கட்டும். துணைவரும் உடனிருக்கட்டும். ஆனால் முழுச் சுமையையும் நோயாளியின் தலையில் ஏற்றக் கூடாது. "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு? எல்லாருக்கும் விடத்தான் செய்யும்" என்று நாம் தொடங்கினால் அவர் பேசுவார்.

கட்டுரை படிக்க இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளி மருந்தை விட்டார் என்பதோடு, ஏன் விட்டார் என்று யார், எந்தச் சொற்களில் அவரைக் கேட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.