கருணைத் தொகை அன்று, கடன்!

(நெல்லையில் கூடிய ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

கொக்கிரகுளத்திலே மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அதன் அருகே ஓடுகிறாள் தாமிரபரணித் தாய். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அங்கே ஊர்வலமாக வந்தனர். கூலியை உயர்த்தக் கேட்டனர். திருச்சிச் சிறையில் கிடந்த தம் தோழர்களை விடுவிக்கக் கேட்டனர். கிடைத்தது தடியடி! ஓட வழியின்றி ஆற்றிலே இறங்கினர். 17 பேர் மாண்டனர். ஒன்றரை வயதுப் பாலகனும் அவர்களில் ஒருவன்.

விசாரணை ஆணையம் அமைந்தது. பலர் நீரில் மூழ்கியே இறந்தனர் என்றது அறிக்கை. மூழ்கினர், மறுக்கவில்லை. எதற்காக இறங்கினர்? தைப்பூச நீராடலா அன்று?

மாண்டோர் குடும்பங்களுக்கு அரசு தொகை தந்தது. கருணைத் தொகை என்று பெயரும் சூட்டிற்று. அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு! கருணை என்றால் கொடுப்பவன் வள்ளல், வாங்குபவன் இரவலன். இழப்பீடு என்றால் கொடுப்பவன் கடன்பட்டவன்; வாங்குபவன் உரிமை உடையவன்.

இந்த நெல்லைக்கு இது பழைய கணக்கு. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் ஊர் கொதித்தது. துப்பாக்கி சுட்டது, நால்வர் வீழ்ந்தனர். பிறகு வெள்ளையன் செய்தது என்ன? தண்டக் காவல் படையைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் செலவை ஊரார் தலையிலேயே வரியாகக் கட்டினான். சுட்டவனுக்குச் சுடப்பட்டவன் கூலி கொடுத்தான், தோழர்களே!

வெள்ளையன் போனான், அவன் சட்டம் உடன் போகவில்லை. 1859-இல் அவன் இயற்றிய மாவட்டக் காவல் சட்டத்தின் 53-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அச்சட்டத்தின்கீழ்ச் செய்த செயலுக்காகக் காவலர்மீது வழக்குத் தொடுப்பதானால் 3 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். அதற்கும் ஒரு மாதம் முன்னரே எழுத்து மூலம் அறிவிப்புத் தரவேண்டும். கை முறிந்தவனுக்குக் கட்டு அவிழுமுன் காலம் கடந்துவிடும்!

விடுதலைக்குப் பின்னராவது விடிந்ததா? மீரத் நகரிலே 1947-இல் ஒரு நகை வணிகரைக் காவலர் பிடித்தனர். தங்கத்தைப் பறித்து நிலையத்தில் வைத்தனர். தலைமைக் காவலரே அதைக் கையாடி, பாகிஸ்தானுக்கு ஓடினார். வணிகர் தரப்பு அரசின்மேல் வழக்குப் போட்டது. அரசு பொறுப்பல்ல, அது இறைமை அதிகாரத்தின்பாற்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1964-இல் கைவிரித்தது. திருடனைப் பிடிக்கும் அதிகாரம் இறைமை, சரி, திருடும் அதிகாரமுமா?

1983-இல் அந்தக் கதவு திறந்தது. பீகாரில் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற பின்னரும் 14 ஆண்டு சிறையில் கிடந்த ருதுல் சா என்பவருக்கு, முன்னர்க் கொடுத்த 5,000 போக, மேலும் 30,000 ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 14 ஆண்டுக்கு இதுதான் விலையா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் 1993-இல் ஒரிசாவிலே, காவலில் மகனை இழந்த நீலபதி பெஹரா எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, ஒன்றரை லட்சம் தரச் சொன்ன நீதிமன்றம், தெளிவாக உரைத்தது: அடிப்படை உரிமை பறிபோனால் இறைமை என்ற கேடயம் செல்லாது.

உரிமை வந்துவிட்டது. அதைக் காட்டச் சான்று வேண்டுமே! 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கில் கடையை நேரம் கடந்து திறந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் பிடித்தனர். நீதித்துறை நடுவர் காவலில் வைக்க ஆணையிட்டார். கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போயினர். நான்கு நாளில் இருவரும் பிணம். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானே முன்வந்து விசாரித்தது. அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைத்தது. அந்த நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர், அஞ்சாமல் நடந்ததைச் சொன்னார். காக்கிக்குள்ளும் மனிதர் உண்டு!

ஆகவே, கிளைத் தோழர்களே, கேளுங்கள். ஒருவரைப் பிடித்தார்கள் என்றால் கொடியைத் தூக்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம், இடம், பிடித்தவர் பெயர்ப்பட்டை, மூன்றையும் எழுதுங்கள். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊராரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்பது 1996-இல் டி.கே. பாசு வழக்கில் வந்த நெறி, கேட்டு வாங்குங்கள். 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தும்போது அங்கே நில்லுங்கள். சட்டையை விலக்கிக் காயத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டியதைப் பதியச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக் காயச் சான்றின் நகல் கிளை அலுவலகத்தில் இருக்கட்டும். மனுவிலே "கருணை கூர்ந்து" என்று எழுதாதீர்கள். தொகை கேட்கும்போதே, அடித்தவரின் சம்பளத்திலிருந்து அதைப் பிடிக்கும்படியும் கேளுங்கள்; ஊர்ப்பணத்தில் அபராதம் கட்டியது 1908-ஓடு போகட்டும். நாள்களை அடிபட்ட தேதியிலிருந்து எண்ணுங்கள்.