ஐந்து மகன்களும் ஐந்து மகள்களும்: வில்லியம் மார்ஷலின் குலவழி



குலவரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தந்தை, மகன், பேரன் என்று ஒரே கோட்டில் இறங்கிவிடுகிறார்கள். அப்படி இறங்கினால், இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் மனிதரின் குடும்பம் அவர் மறைந்த 26 ஆண்டுகளில் முடிந்துவிடும். பெம்புரோக் பிரபு வில்லியம் மார்ஷல் 1219இல் இறந்தபோது அவருக்கு ஐந்து மகன்கள் இருந்தார்கள். 1245 டிசம்பரில் ஐந்தாமவரும் போய்ச் சேர்ந்தார். ஐவரில் ஒருவருக்கும் பட்டத்துக்குரிய பிள்ளை இல்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் அழியவில்லை. அதற்கு வாழ்வு வந்தது பெண்கள் வழியே. அது தொடர்ந்ததும் பெண்கள் வழியே. அதை விரித்துச் சொல்லவே இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

வில்லியம் 1147ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். தந்தை ஜான், அரசவையின் மார்ஷல். அரண்மனைக் குதிரைகளையும் காவலையும் கவனிக்கும் அந்தப் பதவியே குடும்பப் பெயராயிற்று. ஜான் தம் முதல் மனைவியை விலக்கிவிட்டுச் சால்ஸ்பரிக் குடும்பத்துப் பெண் சிபிலை மணந்தது, இரு குடும்பங்களுக்கும் இடையே இருந்த பகையைத் தீர்ப்பதற்காக. முதல் மனைவிக்கு இரண்டு மகன்கள். சிபிலுக்குப் பிறந்தவர்களில் வில்லியம் இரண்டாமவர். ஆக, தந்தைக்கு நான்காம் மகன். அவருக்குப் பங்காக ஒரு காணி நிலமும் வராது.

1152இல், இங்கிலாந்தின் அரியணைக்கு ஸ்டீபனும் மட்டில்டாவும் மோதிக்கொண்டிருந்த காலத்தில், ஜானிடம் இருந்த நியூபரிக் கோட்டையை ஸ்டீபன் முற்றுகையிட்டார். ஐந்து வயது வில்லியத்தைப் பிணையாகக் கொடுத்து அவகாசம் பெற்ற ஜான், அந்த அவகாசத்தில் கோட்டையைப் பலப்படுத்தினார். பிள்ளையைத் தூக்கிலிடப் போகிறோம் என்ற செய்தி வந்தபோது, இவனைவிட நல்ல பிள்ளைகளை வார்த்தெடுக்கத் தம்மிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருக்கின்றன என்று பதில் அனுப்பினாராம். சிறுவனைக் கொல்ல ஸ்டீபனுக்கு மனம் வரவில்லை.

இது நமக்குத் தெரிவது ஒரு பழம் பிரெஞ்சுச் செய்யுள் நூலால். 19,000 அடிகளுக்கு மேல் நீளும் அந்த வரலாற்றை, வில்லியம் இறந்த சில ஆண்டுகளில் அவருடைய மூத்த மகன் எழுதச் செய்தார். பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த அதன் கையெழுத்துப்படியைப் பிரெஞ்சு அறிஞர் பால் மெயர் 1881இல் தேடிப் பிடித்தார். குடும்பமே எழுதுவித்த நூல் என்பதால் புகழ்ச்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாட்டனாரின் இந்தக் கல்நெஞ்சை மறைக்காமல் எழுதிவைத்த நூல் அது. அதனாலேயே அதன்மீது எனக்குத் தனி மதிப்பு.

இளைஞர் வில்லியத்துக்குக் கைகொடுத்தது தாய்வழிதான். தாய்மாமன் பேட்ரிக், சால்ஸ்பரிப் பிரபு, 1168இல் பிரான்சின் புவாத்து நாட்டுக்கு அவரைத் தம்மோடு அழைத்துச் சென்றார். அங்கே நடந்த தாக்குதலில் மாமன் கொல்லப்பட, காயமுற்ற மருமகன் சிறைப்பட்டார். மீட்புப் பணம் கொடுத்து அவரை விடுவித்தவர் அரசி எலனோர். அதன் பிறகு போட்டிப் போர்க்களங்களே அவருடைய பிழைப்பு. தோற்ற வீரனின் குதிரையும் கவசமும் வென்றவனுக்கு. வாழ்நாளில் 500 வீரர்களைப் பிடித்ததாக மரணப் படுக்கையில் அவரே சொன்னார் என்கிறது அந்த நூல்.

நாற்பது வயது தாண்டியும் அவருக்குச் சொந்தமாகப் பெரிய நிலம் கிடையாது. 1189 ஆகஸ்டில் இசபெல் டி கிளேர் என்ற இளம்பெண்ணை மணந்தார், அத்தனையும் மாறியது. இசபெலின் தந்தை, ஸ்ட்ராங்போ என்று பெயர் பெற்ற ரிச்சர்ட் டி கிளேர். தாய் ஈஃபா, அயர்லாந்தில் லென்ஸ்டர் நாட்டு அரசன் டெர்மட் மக்மரோவின் மகள். லென்ஸ்டர் ஸ்ட்ராங்போவுக்கு வந்ததும் ஈஃபாவை மணந்ததால்தான்; இசபெலை மணந்ததால் அது வில்லியத்துக்கு வந்தது. வேல்ஸ் எல்லையிலிருந்த செப்ஸ்டோ கோட்டையும் அவளுடைய சீதனமே. பெம்புரோக் பிரபு என்ற பட்டமும் அவளுடைய குடும்பத்து உரிமை. 1199இல் ஜான் மன்னர் அதை வில்லியத்துக்கு அளித்தார்.

இதை வில்லியம் ஒருபோதும் மறக்கவில்லை. 1207இல் ஜான் மன்னர் அவரை இங்கிலாந்துக்கு வரச் சொல்லி ஆணையிட்டார். மன்னரின் உள்நோக்கம் தெரிந்தும் அவர் புறப்பட வேண்டியிருந்தது. கில்கென்னியில் லென்ஸ்டர்ப் பிரபுக்களைக் கூட்டி, கருவுற்றிருந்த இசபெலின் கையைப் பிடித்து நிறுத்தி, இவளே பிறப்பால் உங்கள் தலைவி, எனக்குள்ளதெல்லாம் இவளால் வந்தது என்ற பொருள்படப் பேசினார். அவர் இல்லாத காலத்தில் மன்னரின் ஆள் மெயிலர் ஃபிட்ஸ்ஹென்றி தாக்கினார், இசபெல் தாக்குப்பிடித்தார். கடைசியில் பணிந்தவர் மெயிலரே. வில்லியத்தின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது போர்க்கள வெற்றிகளைவிட அந்தக் கில்கென்னிப் பேச்சுத்தான்.

1216இல் ஜான் இறந்தார். ஒன்பது வயது மூன்றாம் ஹென்றிக்கு ஆட்சிக் காவலரானார் எழுபதை நெருங்கிய வில்லியம். மாக்னா கார்ட்டாவை 1216இலும் 1217இலும் திருத்தி மறுபடி வெளியிட்டார்; 1217 மே 20 அன்று லிங்கனில் பிரெஞ்சுப் படையையும் கலகப் பிரபுக்களையும் தோற்கடித்தார். இந்தப் பகுதியைப் பாடநூல்கள் விரிவாகவே சொல்கின்றன.

1219 மே 14 அன்று தேம்ஸ் கரையிலுள்ள கேவர்ஷமில் உயிர் பிரிந்தது. அதற்கு முந்தைய நாள்களில் மகள்களை அழைத்துப் பாடச் சொன்னார். மூத்தவள் மட்டில்டா பாடினாள். திருமணமாகாத ஜோன் கூச்சத்தோடு பாட, பாடும்போது வெட்கப்படக் கூடாது என்று சொல்லி, எப்படிப் பாடுவது என்று தாமே காட்டினார். அவளுடைய எதிர்காலத்துக்கு நிலமும் பணமும் ஒதுக்கினார். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கமானார். மறு ஆண்டே இசபெலும் மறைந்தார்.

பிறகு மகன்கள் வரிசையாகப் போனார்கள். மூத்தவர் வில்லியம் 1231இல். ரிச்சர்ட் அயர்லாந்தில் கில்டேர்ச் சமவெளிச் சண்டையில் பட்ட காயத்தால் 1234இல். கில்பர்ட் 1241இல் ஒரு போட்டிக்களத்தில். தந்தையை உயர்த்திய அதே களம். வால்டரும் ஆன்செல்மும் 1245இல் ஒரு மாத இடைவெளியில். தந்தை ஃபெர்ன்ஸ் ஆயரின் நிலத்தைப் பறித்ததால் அந்த ஆயர் இட்ட சாபம் பலித்தது என்று துறவி மேத்யூ பாரிஸ் எழுதிவைத்தார். சாபக் கதை எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதனால் மகள்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

1247இல் லென்ஸ்டர் ஐந்து மகள்களின் வழிகளுக்கும் ஐந்தாகப் பிரிந்தது. மட்டில்டாவுக்குக் கார்லோ, மார்ஷல் பதவியும் அவள் வழியே மகன் ரோஜர் பிகோடுக்குச் சென்றது. தாயின் பெயரையே கொண்ட மகள் இசபெலின் வாரிசுக்குக் கில்கென்னி. மகள் சிபிலின் ஏழு பெண்களுக்கும் சேர்த்துக் கில்டேர். ஈவாவின் பெண்களுக்கு லீஷ். ஜோனின் வாரிசுக்கு வெக்ஸ்ஃபர்ட். அவள் மகள் வழியே பெம்புரோக் டி வலன்ஸ் குடும்பத்தை அடைந்தது. இளைய இசபெலின் மகள் ஸ்காட்லாந்தின் புரூஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். 1314இல் பானக்பர்னில் ஆங்கிலேயரை முறியடித்த ராபர்ட் புரூஸ் அவளுடைய பேரன். வில்லியம் மார்ஷலுக்கு எள்ளுப்பேரன். ஈவாவின் மகள் மாட் மார்டிமர் குடும்பத்துக்குப் போனாள். அவள் வழிவந்த நான்காம் எட்வர்ட் 1461இல் இங்கிலாந்தின் அரியணை ஏறினார்.