ஆக்ஸிடோசின் ஊசியும் கறவை மாடும்

(கறவை மாடு வளர்ப்போர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கன்று இறந்துபோன பசு பாலை இறக்காமல் அடக்கி வைத்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "ஓர் ஊசி போட்டால் மடி இறங்கிவிடும்" என்று யாராவது யோசனை சொல்வார். பெயர்ச்சீட்டு இல்லாத சிறு பாட்டில் ஒன்றும் கைக்கு வந்து சேரும். அதிலிருப்பதாகச் சொல்லப்படும் பொருள் ஆக்ஸிடோசின். அது என்ன, ஆய்வுக்கூடத்தில் அதை எவ்வாறு செய்து காக்கிறார்கள், தொழுவத்தில் அதை ஏன் நாள்தோறும் போடக்கூடாது என்பனவற்றை இன்று பார்ப்போம்.

ஆக்ஸிடோசின் என்பது என்ன?

ஆக்ஸிடோசின் ஒரு பெப்டைடு. அமினோ அமிலங்கள் பூச்சரம்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பொருளுக்குப் பெப்டைடு என்று பெயர். சரம் மிக நீண்டால் அது புரதம். ஆக்ஸிடோசின் சரத்தில் ஒன்பதே பூக்கள். முதல் பூவையும் ஆறாவது பூவையும் கந்தக முடிச்சு ஒன்று இணைக்கிறது. இந்த ஒன்பதில் இரண்டை மட்டும் மாற்றினால் வாசோபிரெசின் என்னும் வேறு ஹார்மோன் கிடைக்கும்; அதன் முக்கிய வேலை சிறுநீரகத்தில் நீரைச் சேமிப்பது. கோத்த வரிசைதான் வேலையைத் தீர்மானிக்கிறது.

செயற்கையாகச் செய்வது எப்படி?

முன்னாளில் இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் மாடுகளின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டு விக்னோ இதன் வரிசையைக் கண்டறிந்து, 1953ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். செயற்கையாகச் செய்யப்பட்ட முதல் பெப்டைடு ஹார்மோன் இதுவே. இதற்காக 1955இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1963இல் புரூஸ் மெரிஃபீல்டு எளிய வழி ஒன்றைச் சொன்னார். சரத்தின் கடைசிப் பூவை ஒரு சிறு பிசின் மணியில் கட்டிவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒட்டாததைக் கழுவிவிடுவதே அந்த முறை. இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக்கான பெப்டைடுகள் பெரும்பாலும் இவ்வழியில்தான் தயாராகின்றன.

ஆய்வுக்கூடத்தில் கையாளும் விதம்

பெப்டைடு எளிதில் கெடும் பொருள். ஆகவே அதை உறையவைத்து உலர்த்திய வெண்பொடியாக்கி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழான குளிரில் வைக்கிறார்கள். குப்பியை வெளியே எடுத்தவுடன் திறப்பதில்லை. அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை மூடியபடியே வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் பொடியில் படிந்து அதைக் கெடுத்துவிடும். கரைத்தபின் ஆயுள் இன்னும் குறைவு. எனவே கரைசலைச் சிறு குப்பிகளில் பிரித்து, பெயரும் அளவும் தேதியும் எழுதி, உறையவைப்பார்கள். ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைப்பதில்லை. கருவூட்டலுக்கு வரும் உறைவிந்துக் குச்சியை எவ்வளவு கவனமாகக் கையாள்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதே கவனம் இங்கும் வேண்டும்.

அளவும் மிக நுட்பமானது. ஒரு மில்லிகிராம் ஆக்ஸிடோசினில் ஏறத்தாழ 600 யூனிட் வீரியம் உண்டு. மருந்தகத்தில் கிடைக்கும் ஆக்ஸிடோசின் ஊசிமருந்தைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த மருந்தின் வீரியம் குறைந்தாலும் கண்ணுக்கு அது தெளிந்த நீராகவே தெரியும். பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டிலில் எத்தனை யூனிட் இருக்கிறது, வேறு என்ன கலந்திருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது.

மடியில் நடப்பது என்ன?

பசுவின் மடியிலுள்ள பாலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நுண்ணறைகளில் தங்கியிருக்கிறது. கன்று முட்டி ஊட்டும்போதும், நாம் மடியைக் கழுவித் துடைக்கும்போதும் அந்த உணர்ச்சி நரம்பு வழியாக மூளைக்குச் செல்கிறது. ஆக்ஸிடோசின் இரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசையிழைகள் சுருங்கிப் பாலைக் காம்புக்குத் தள்ளுகின்றன. பசுவுக்கு இதற்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், எருமைக்குக் கூடுதலாகும். இரத்தத்தில் ஆக்ஸிடோசின் சில நிமிடங்களே நிலைக்கும். ஆகவே சுரப்பு விட்டதும் நிறுத்தாமல் கறந்து முடிக்க வேண்டும். அடி, கூச்சல், நாய், புதிய ஆள் ஆகியவற்றால் மாடு மிரண்டால் சுரப்பு தடைபடும்.

ஊசி புதிதாகப் பாலை உண்டாக்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். மடியில் இருப்பதைத்தான் அது இறக்குகிறது. பாலை உண்டாக்குவது தீவனமும் தண்ணீரும் மாட்டின் இனமும்தான்.

நாள்தோறும் போட்டால்?

தொடர்ந்து ஊசி போட்ட மாட்டில் தானாகச் சுரப்பு விடும் தன்மை குறைகிறது. பிறகு ஊசியை நிறுத்தினால் மடியில் பால் தங்கிவிடுகிறது. பால் தங்கினால் உற்பத்தியும் சரிகிறது. இதனால்தான் "ஊசி இல்லாமல் கறக்காது" என்ற நிலை வருகிறது. ஆக்ஸிடோசின் கருப்பையையும் சுருக்குவதால், சினை மாட்டுக்குக் கண்டபடி போடுவது ஆபத்து. தூய்மையற்ற ஊசியால் கட்டியும் சீழும் உண்டாகும். மாட்டின் உடல்நலத்துக்குக் கேடாகப் பால் கறப்புக்கென ஊசி போடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மருந்தாக இதற்கு இடமில்லை என்று நான் சொல்லவில்லை. கன்று ஈன்றபின் கருப்பை சுருங்காதபோதும், சில தலையீற்றுக் கிடாரிகள் பால் விடாதபோதும் கால்நடை மருத்துவர் தேவையறிந்து அளவாகப் போடுவார். அது அவர் முடிவு.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், இயன்றவரை ஒரே ஆளே கறக்க வேண்டும்.

2. மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் துடைத்து, இதமாகப் பிடித்துவிட்டபின் கறக்கவும்.

3. சுரப்பு விட்டபின் ஐந்தாறு நிமிடங்களில் முழுமையாகக் கறந்துவிடவும்.

4. கன்று இறந்துவிட்டால் கறக்கும் நேரத்தில் கலப்புத் தீவனம் வைத்து, மடியைத் தடவிப் பழக்கவும். சில நாள் பொறுமை தேவை.

5. ஊசிக்குப் பழகிய மாட்டை மீட்க மருத்துவரின் யோசனையைக் கேட்கவும்.

6. பெயர்ச்சீட்டு இல்லாத மருந்தையும், "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதிய மருந்தையும் தொழுவத்துக்குள் விடாதீர்கள்.

ஆய்வுக்கூடம் பல படிகளில் பாடுபட்டுச் செய்யும் இந்தப் பொருளை உங்கள் பசு தன் உடலிலேயே, தேவையான நேரத்தில், சரியான அளவில் செலவின்றிச் செய்துகொள்கிறது. அதற்கு நாம் தர வேண்டியது கைப்பதமும் அமைதியுமே. அவற்றைத் தந்து, மாட்டின் நலமும் உங்கள் வருவாயும் கெடாமல் காத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.